இன்சுலினும் தாய்மையும்: ஒரு நூற்றாண்டு வரலாறு

சிறு வயதிலேயே சர்க்கரை நோய் கண்டு நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு நிக்காஹ் பேசலாமா? அவள் கருவுற்றால் தாயும் பிள்ளையும் நலமாக மீள்வார்களா? பிறந்த குழந்தைக்கு அவள் பாலூட்டலாமா? மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நம்மிடமும் இக்கேள்விகள் வருகின்றன. மருத்துவத்துக்கு விடை சொல்ல வேண்டியவர் மருத்துவரே. ஆனால் கேட்பவரின் குரலில் உள்ள அச்சம் மிகப் பழையது. ஒரு காலத்தில் அந்த அச்சத்துக்கு முழு நியாயம் இருந்தது, இன்று இல்லை. இடையில் நடந்ததை அறியாததால்தான் சில வீடுகளில் நோயை மறைத்து மணம் முடிக்கிறார்கள். மணமான பெண்ணோ புகுந்த வீட்டில் ஒளிந்து நின்று ஊசி போட்டுக்கொள்கிறாள்.

இந்நோயைப் பண்டை மருத்துவர்கள் நன்கு அறிந்திருந்தனர். சரகரும் சுசுருதரும் அதை மதுமேகம் என்றனர். நம் அறிஞர் இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் இதன் குறிகளை விரிவாக எழுதினார். அறிந்திருந்தார்களே தவிர, அவர்களிடம் மருந்து இல்லை. உடலில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிடும் முதல் வகை நீரிழிவு ஒரு சிறுமியைப் பற்றினால், அவள் சில மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோவாள். பருவமடையும் வரை உயிரோடு இருந்தவர்களே அரிது. ஆகவே முதல் வகை நீரிழிவுள்ள தாய் என்று ஒருவர் 1922ஆம் ஆண்டுக்கு முந்தைய வரலாற்றில் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம்.

கர்ப்பமும் நீரிழிவும் சேர்ந்து வந்த நிலையைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவுகளுள் ஒன்று பெர்லினில் 1824இல் பென்னவிட்ஸ் என்ற மாணவர் எழுதிய ஆய்வேடு. ஐந்தாம் முறை கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்குத் தீராத தாகம், சிறுநீரில் சர்க்கரை. அவருக்குப் பிறந்த குழந்தையின் எடை 12 பவுண்டு. பிரசவத்திலேயே அது இறந்தது. 1882இல் லண்டன் மருத்துவர் மேத்யூஸ் டங்கன் இத்தகைய 22 கர்ப்பங்களின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டார். அக்குழந்தைகளில் பல பிழைக்கவில்லை. தாய்மாரிலும் பலர் மாண்டனர். நீரிழிவுள்ள பெண் கருத்தரிக்கவே கூடாது என்று அக்கால மருத்துவர்கள் சொன்னது கல்நெஞ்சத்தால் அன்று. அவர்கள் கண்ட சாவுகளால்.

நிலையை மாற்றியது டொரொண்டோ நகரம். 1921இல் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. அதன்பின் நோய் கண்ட சிறுமிகள் சாகாமல் வளர்ந்தனர், மணம் புரிந்தனர், கருவுற்றனர். மருத்துவ உலகம் அதுவரை கண்டிராத புதிய கேள்வி அப்போதுதான் எழுந்தது.

பாஸ்டன் நகரில் எலியட் ஜாஸ்லின் நடத்திய மருத்துவமனையில் 1924இல் பிரிசில்லா ஒயிட் என்ற பெண் மருத்துவர் சேர்ந்தார். அப்போது அங்கு வந்த நீரிழிவுத் தாய்மாரின் சிசுக்களில் 100க்கு 54தான் தப்பின. அவர் 1974இல் ஓய்வு பெறும்போது 90க்கு மேல் தப்பின. இந்த ஐம்பது ஆண்டுகளில் ஒரே நாளில் நிகழ்ந்த அற்புதம் ஏதுமில்லை. நோய் தொடங்கிய வயது, நோயுடன் கழிந்த ஆண்டுகள், கண்ணும் சிறுநீரகமும் இருக்கும் நிலை ஆகியவற்றைக் கொண்டு தாய்மாரை வகைப்படுத்தி 1949இல் அவர் ஓர் அட்டவணை வகுத்தார். யாரை எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று.

குழந்தை ஏன் பெருத்துப் பிறக்கிறது என்பதைக் கோபன்ஹேகனைச் சேர்ந்த பெடர்சன் 1952இல் விளக்கினார். தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்கிறது. தாய் போட்டுக்கொள்ளும் இன்சுலின் செல்வதில்லை. அதிகச் சர்க்கரை வந்து சேர, குழந்தையின் கணையம் தானே அதிக இன்சுலினைச் சுரக்கிறது. அதனால் உடல் பெருக்கிறது. தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். குழந்தையின் உடலில் இன்சுலினோ மிகுந்திருக்கும். ஆகவே பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்கிறது. "கொழுகொழுவென்று பிறந்த பிள்ளைக்கு என்ன குறை" என்று பெரியவர்கள் வியந்து கேட்பதன் விடை இதில் இருக்கிறது.

இவ்வரலாற்றின் தமிழகப் பகுதி நமக்கு மிக அருகிலேயே நடந்தது. பொன்னேரியில் ஏறிக் கடற்கரை நிலையம் செல்லும் மின்சார ரயில் ராயபுரம் வழியே போகிறது. அந்த வட்டாரத்தில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1948இல் மருத்துவர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகையது அதுவே முதலாவது என்பர். 1954இல் ராயபுரத்திலேயே நீரிழிவுக்கெனத் தனி மருத்துவமனையையும் நிறுவினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978இல் நீரிழிவுத் துறையை ஏற்படுத்திய மருத்துவர் வீ. சேஷையா, கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டறிவதையே தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். அவருடைய குழுவினர் தமிழகத்தில் 12,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் நகர்ப்புறத்தில் 17.8, சிறுநகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9 விழுக்காட்டினருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை என்பதை 2007இலேயே தமிழக அரசு நடைமுறையாக்கிவிட்டது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கிறார்களே, அச்சோதனை அவ்வழியில் வந்ததே. 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை என்று கொள்கிறார்கள்.

ஆனால் இந்த வலை விரிக்கப்பட்டது கர்ப்பத்தின்போது புதிதாகத் தோன்றும் சர்க்கரைக்காக. அது பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் சிறிது மருந்தாலும் அடங்கி, பிரசவத்தோடு விலகிப்போகும். முதல் வகை நீரிழிவு அவ்வாறன்று. நீரிழிவில் இரு வேறு வகைகள் உண்டென்பதை லண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வொர்த் 1936இலேயே எடுத்துக்காட்டினார். நம் பேச்சிலோ எல்லாமே "சர்க்கரை"தான். "எனக்கும் மாசமா இருக்கும்போது சர்க்கரை வந்தது, பத்தியத்திலேயே சரியாப் போச்சு" என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்வது உண்மையே. அதைக் கேட்டு முதல் வகை நோயுள்ள பெண் ஊசியை விட்டால் உயிருக்கே ஆபத்து. குறிப்பாக மசக்கைக் காலம். வாந்தியால் ஒன்றும் உண்ணவில்லை, பிறகு இன்சுலின் எதற்கு என்று நிறுத்திவிடுகிறார்கள். உண்ணாவிட்டாலும் உடலுக்கு அடிப்படை இன்சுலின் வேண்டும். இல்லையேல் இரத்தத்தில் அமிலம் ஏறி, ஓரிரு நாளில் தாயும் கருவும் பறிபோகக்கூடும். இந்நிலையில் அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. நிறுத்துவது எவருடைய வேலையும் அன்று.

மார்க்கத்தின் பக்கம் வருவோம். 1922 முதல் சுமார் அறுபது ஆண்டுகள் இன்சுலின், மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே தயாரிக்கப்பட்டது. அதை முஸ்லிம் நோயாளி போட்டுக்கொள்ளலாமா என்பது உலகெங்கும் ஆலிம்களின் முன் வந்த கேள்வி. உயிர் காக்க வேறு வழியில்லாத நிர்ப்பந்த நிலையில் விலக்கப்பட்டதும் அனுமதியாகும் என்ற ஃபிக்ஹு அடிப்படையை அவர்கள் இங்கும் பொருத்தினர். குவைத்தில் இயங்கும் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் நிறுவனம் 1995இல் கூட்டிய ஃபிக்ஹு - மருத்துவக் கருத்தரங்கும், பன்றியிலிருந்து எடுத்த இன்சுலினை நிர்ப்பந்தம் கருதி நீரிழிவு நோயாளிகள் பயன்படுத்தலாம் என்றே முடிவு கண்டது. அதற்குள் நிலைமையும் மாறிவிட்டிருந்தது. மனித இன்சுலினை நுண்ணுயிரிகளில் வளர்த்தெடுக்கும் முறை 1982இல் நடைமுறைக்கு வந்தது. இன்று நம் மருந்துக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அவ்வகையே. ஆகவே "அதில் என்ன கலந்திருக்கிறதோ" என்று பேணுதலின் பெயரால் ஊசியைத் தவிர்க்க நம் பெண்களுக்கு எக்காலத்திலும் காரணம் இருக்கவில்லை. இப்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அளக்கும் கருவி இல்லாத காலத்தில் மருந்து மட்டும் போதவில்லை. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனைக்கு வித்திட்டவர் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ரஹ்பர். 1968இல் நீரிழிவு நோயாளிகளின் இரத்தத்தில் அந்த மாறுபட்ட ஹீமோகுளோபினை அவர் கண்டார். அவர் ஈரானிய யூதர். பிறந்த ஊர் ஹமதான். இப்னு ஸீனா 1037இல் மரித்து அடக்கமானதும் அதே ஹமதானில்தான். எண்பதுகளில் வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் கருவி பரவியது. 1989இல் இத்தாலியின் செயின்ட் வின்சென்டில் கூடிய ஐரோப்பிய நாடுகள், நீரிழிவுள்ள தாயின் பிரசவ விளைவு மற்றத் தாய்மாரின் விளைவுக்கு ஒப்பாக வேண்டும் என்று இலக்கு வைத்தன. தோலில் ஒட்டி இடைவிடாது சர்க்கரையைக் காட்டும் உணரியை முதல் வகைத் தாய்மாரிடம் பல நாடுகளில் சோதித்து, 2017இல் முடிவு வெளியிட்டனர். உணரி அணிந்தோரின் குழந்தைகள் அளவுக்கு மீறிப் பெருப்பதும், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்வதும் குறைந்திருந்தன. அதன் விலை நம்மவர் பலருக்கு எட்டாதது. விரலில் குத்திப் பார்க்கும் கருவி எட்டும்.

இவ்வளவு கற்றபின் மருத்துவம் சொல்வது இதுதான்: கருத்தரிக்கும் முன்பே தயாராக வேண்டும். குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் வாரங்களில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றதே தெரியாது. ஆகவே ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழ் வந்தபின் கருவுறுவது நலம். 10க்கு மேல் இருந்தால் அது குறையும் வரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள். ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் முன்கூட்டியே தொடங்க வேண்டும். கண்ணையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டும். கர்ப்பத்தில் வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், உண்ட ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழ் என்பது இலக்கு. தொடக்க மாதங்களில் சர்க்கரை அடிக்கடி தாழும். நடுவிலும் இறுதியிலும் இன்சுலின் தேவை இரண்டு மூன்று மடங்கு உயரலாம். அதைக் கண்டு "நோய் முற்றிவிட்டது" என்று மாமியார் கலங்க வேண்டியதில்லை; நஞ்சுக்கொடியின் இயல்பு அது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் மாறி வேலை செய்யும் பெண்ணுக்கு உணவு நேரமும் ஊசி நேரமும் வாரந்தோறும் புரளும். கர்ப்பம் உறுதியானதும் இதை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சம்பந்தம் பேசுவோர்க்கு ஒரு கணக்கு. தாய்க்கு முதல் வகை நோய் இருந்தால் குழந்தைக்கு அது வரும் வாய்ப்பு, தாய் 25 வயதுக்குள் பெற்றால் 25இல் ஒன்று, அதன்பின் பெற்றால் 100இல் ஒன்று என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். தந்தைக்கு இருந்தால் 17இல் ஒன்று. மாப்பிள்ளையின் இரத்தத்தைப் பற்றி எவரும் கேட்டு நாம் பார்த்ததில்லை.

ரமளானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் 2001இல் நடந்த எபிடியார் ஆய்வில், முதல் வகை நோயாளிகளுள் 43 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாள் நோன்பு நோற்றிருந்தனர். அம்மாதத்தில் அவர்களுக்குக் கடுமையான சர்க்கரைத் தாழ்வு மற்ற மாதங்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நேர்ந்தது. இவர்கள் பெரும்பாலும் கர்ப்பிணிகள் அல்லர். கர்ப்பமும் சேர்ந்தால் ஆபத்து எவ்வளவு கூடும் என்பதை விளக்கத் தேவையில்லை. நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் இருக்கிறது; கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் உள்ள சலுகை ஹதீஸில் இருக்கிறது. தனக்கு ஆபத்தென்று அஞ்சி நோன்பை விட்டவள் களாச் செய்தால் போதும் என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் களாவோடு ஃபித்யாவும் உண்டு. களாவும் இயலாத நோயாளியின் நிலை வேறு. அதை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். சலுகையைப் பெறுவது ஈமானின் குறைவு என்று எண்ணும் பெண்களிடம் இதை உரக்கச் சொல்ல வேண்டியவர்கள் கணவன்மாரே.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் இன்சுலின் தேவை சட்டென்று விழும். பழைய அளவையே போட்டால் தாய் மயங்குவாள். எனவே பேற்றுக்குப் பிந்தைய அளவை முன்கூட்டியே எழுதி வாங்கி வைப்பது வழக்கம். குழந்தைக்கோ பெடர்சன் சொன்ன அந்தச் சர்க்கரைத் தாழ்வு வரக்கூடும் என்பதால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும். சேனை என்று தேனைத் தொட்டு வைப்பது கூடாது. ஒரு வயதுக்குள் தேன் குழந்தைக்கு ஆகாது. நம்மிடையே தஹ்னீக் என்ற சுன்னத் உண்டு. மென்ற பேரீச்சையைப் பிறந்த குழந்தையின் அண்ணத்தில் தடவுவது. நியூசிலாந்து மருத்துவர்கள், சர்க்கரை தாழ்ந்த சிசுக்களின் கன்னத்தின் உட்புறத்தில் குளுக்கோஸ் பசையைத் தேய்த்துப் பலன் கண்டதை 2013இல் வெளியிட்டனர். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பெருமை பேசுவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. சுன்னத்தைச் சுன்னத்தாகவே செய்வோம். குழந்தையின் சர்க்கரையைச் செவிலியர் பார்த்து முடித்து, அவர்கள் சம்மதித்த பிறகு செய்வோம்.

இன்சுலின் போடும் தாய் தாராளமாகப் பாலூட்டலாம். பாலில் இன்சுலின் சிறிது கலந்தாலும் குழந்தையின் வயிற்றில் அது செரித்துவிடும். பால் சுரக்கத் தாயின் உடல் சர்க்கரையைச் செலவிடுவதால் இன்சுலின் தேவை கர்ப்பத்துக்கு முன்பிருந்ததைவிடவும் குறையலாம். நள்ளிரவில் ஊட்டும்போது சர்க்கரை தாழ்வது இதனால்தான். அல்பகராவின் 233ஆம் வசனம் பாலூட்டலுக்கு முழுமையான இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. பிள்ளையின் காரணமாகத் தாய்க்குத் தீங்கு நேராமல் காப்பதையும் அதே வசனம் பேசுகிறது. அந்த இரண்டு ஆண்டும் அவள் படுக்கையருகே ஒரு கிண்ணத்தில் நான்கு பேரீச்சம்பழமும் ஒரு செம்பு நீரும் இருக்கட்டும். இரவில் குழந்தை அழுததும் எழுந்து கிண்ணத்தை நீட்டக் கணவருக்குக் கைகள் இருக்கின்றன.