போடி ஏலக்காய் விவரம் பிளாக்செயினில் ஏறினால் கட்டணம் எவ்வளவு? யார் தலையில் விழும்?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில், ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் ஏலக்காய் லாட் லாட்டாக விலை போகிறது. எந்தத் தோட்டத்துக் காய், என்ன பரிசோதனை நடந்தது என்பதை வாங்குபவர் சரிபார்க்க பிளாக்செயின் உதவும். மிளகாய், மஞ்சளுக்கு இப்படியொரு வசதியை உருவாக்க, வாரியம் 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துடன் ஒப்பந்தம் போட்டது. நாளை ஏலக்காய்க்கும் வந்தால் செலவு என்ன?

கட்டணம் எதற்கு?

எத்தீரியம் போன்ற பொது பிளாக்செயினில் ஏறும் தகவலை ஆயிரக்கணக்கான கணினிகள் நகல் எடுத்து வைக்கின்றன. இலவசம் என்றால் யார் வேண்டுமானாலும் குப்பையைக் கொட்டிவிடலாம். அதனால்தான் கட்டணம். குடோனில் இடம் பிடிப்பது மாதிரிதான்: எவ்வளவு இடம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் கூடும்.

எப்படி கணக்கிடுகிறார்கள்?

எத்தீரியத்தில் வேலையை அளக்கும் அலகுக்குப் பெயர் 'கேஸ்'. சாதாரணமாகப் பணம் அனுப்ப 21,000 கேஸ். நிரந்தரமாகச் சேமிக்க, ஒவ்வொரு 32 பைட்டுக்கும் சுமார் 20,000 கேஸ். அதாவது 1 கிலோபைட்டுக்கே 6,40,000 கேஸ்! இதை அந்த நேரத்து கேஸ் விலையால் பெருக்கினால் கட்டணம். நெரிசல் கூடினால் விலையும் ஏறும்.

எல்லா தகவலும் காலத்துக்கும் தேவையில்லை. அதற்காக 2024 மார்ச்சில் 'பிளாப்' முறை வந்தது. சுமார் 128 கிலோபைட் கொண்ட ஒரு பிளாப், ஏறக்குறைய 18 நாளில் நீக்கப்படும். அதற்குத் தனிக் கட்டணம்.

சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா?

பரிசோதனைச் சான்றிதழை அப்படியே ஏற்றினால் கட்டாது. அதற்கு வழி 'ஹாஷ்'. சான்றிதழ் சர்வரிலேயே இருக்கும். அதன் 32 பைட் கைரேகை மட்டும் சங்கிலியில் ஏறும். ஓர் எழுத்தைத் திருத்தினாலும் கைரேகை மாறி, குட்டு உடைந்துவிடும். ஒரு நாள் ஏலத்தில் 200 லாட் என்றால், அத்தனையையும் ஒரே ஹாஷில் அடக்கி, ஒரு கட்டணத்தை 200 பேர் பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் உண்டு. சர்வரில் சான்றிதழ் அழிந்துபோனால், ஹாஷை வைத்து அதை மீட்க முடியாது.

தனியார் நெட்வொர்க்கில் கேஸ் கட்டணமே இல்லையே?

ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் போன்றவற்றில் இல்லைதான். ஆனால் சர்வர் செலவு உண்டு. அதை யாராவது கட்டித்தான் ஆக வேண்டும்.

எனவே இப்படியொரு திட்டம் வந்தால் விவசாயிகள் கேட்க வேண்டியது மூன்று: எந்தத் தகவல் ஏறும்? எத்தனை நாள் இருக்கும்? கட்டணம் லாட்டுக்கா, கிலோவுக்கா? லாட்டுக்கு என்றால் 50 கிலோ கொண்டுவருபவரும் 500 கிலோ கொண்டுவருபவரும் ஒரே தொகை கட்டுவார்கள். அடி வாங்குவது சின்ன விவசாயிதான்.