தெர்மாகோல் செல்லும் கரையில் ஒதுங்கிய செல்லும்

போன மாசம் கடலாடியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கிற மருமகள் நடுவீட்டில் கடை விரித்து உட்கார்ந்திருந்தாள். பழைய செருப்பு அட்டைப்பெட்டி, தெர்மாகோல் துண்டுகள், ஃபெவிகால், ஸ்கெட்ச் பேனா, அடுப்படியிலிருந்து எடுத்து வந்த பச்சைப் பட்டாணி, வேர்க்கடலை. திங்கட்கிழமை தாவர செல் மாதிரி ஒன்று செய்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகணுமாம்.

வேலை ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. அட்டைப்பெட்டிதான் செல் சுவர். உள்பக்கம் ஒட்டிய பாலித்தீன் தாள் செல் சவ்வு. பட்டாணி பசுங்கணிகம், வேர்க்கடலை மைட்டோகாண்ட்ரியா. தண்ணீர் ஊற்றிக் கட்டிய பலூன் நுண்குமிழ். ஒரு ரப்பர் பந்து உட்கரு. பந்தை நட்டநடுவில் ஒட்டப் போனாள். "தாவர செல்லுல நடு இடத்தை நுண்குமிழ் பிடிச்சுக்கும், உட்கரு ஓரமாத்தான் இருக்கும்" என்று நான் சொன்னது ஒன்றுதான் திருத்தம்.

திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்த அவளுடைய அப்பத்தா, "என்ன ஆத்தா இது, சோத்து டப்பாவா?" என்றார்.

"செல்லு அப்பத்தா. ஒரு செடிக்குள்ள இந்த மாதிரி கோடிக்கணக்குல இருக்கும். ஆனா கண்ணுக்குத் தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டேன். கடலாடி தாலுகாவின் தெற்கு எல்லை மன்னார் வளைகுடா. அந்தக் கடலில் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய செல்கள் வளர்கின்றன. மைக்ராஸ்கோப் வேண்டாம். அப்படியிருக்க, செல் என்றாலே கண்ணுக்குத் தெரியாத பெட்டி, உள்ளே ஒரே ஒரு பந்து என்கிற படம் நமக்கு எங்கிருந்து வந்தது? ஊருக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெட்டி. 1665-ல் லண்டனில் ராபர்ட் ஹூக் 'மைக்ரோகிராஃபியா' என்ற பெரிய படப்புத்தகத்தை வெளியிட்டார். பாட்டில் மூடியாகப் பயன்படும் தக்கையை மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். தேனடை மாதிரி வரிசை வரிசையாகக் காலி அறைகள். அவற்றுக்கு அவர் வைத்த பெயர்களில் ஒன்றுதான் 'செல்'. லத்தீனில் சின்ன அறை என்று பொருள். ஒரு கன அங்குலத் தக்கையில் இப்படி 125 கோடிக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கும் என்றும் கணக்குப் போட்டுச் சொன்னார். அவர் பார்த்தது உயிரோடு இருந்த செல் இல்லை. உயிர் போய், உள்ளே இருந்ததெல்லாம் காய்ந்து, சுவர் மட்டும் மிஞ்சிய கூடு. என் மருமகளின் செருப்புப் பெட்டி நேரே அங்கிருந்து வருகிறது.

அடுத்தது பந்து. 1831-ல் ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர், ஆர்க்கிட் செடிகளின் செல்கள் ஒவ்வொன்றிலும் உருண்டையாக ஒன்று தெரிவதைக் கவனித்து அதற்கு நியூக்ளியஸ் என்று பெயர் கொடுத்தார். அவருக்கு முன்னாலும் சிலர் அதைப் பார்த்திருந்தார்கள். ஆனால் இது செல்லுக்குப் பொதுவான ஒரு உறுப்பு என்று கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். 1838-ல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839-ல் ஷ்வான் விலங்குகளுக்கும் 'எல்லாம் செல்களால் ஆனவை' என்றார்கள். பெட்டி, பெட்டிக்குள் ஒரு பந்து, அப்படிப் பல பெட்டிகளை அடுக்கினால் ஓர் உயிர். பாடப்புத்தகத்தின் முதல் பக்கம் அதோடு தயாராகிவிட்டது.

பட்டாணியும் வேர்க்கடலையும் பெரும்பாலும் பின்னால் வந்தவை. ஒளி மைக்ராஸ்கோப்பில் மங்கலாகத் தெரிந்த பல சங்கதிகள் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகுதான் துலங்கின. 1945-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த கீத் போர்ட்டர், ஆல்பர்ட் கிளாட் ஆகியோர் எர்னஸ்ட் ஃபுல்லமுடன் சேர்ந்து, முழு செல் ஒன்றை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தை வெளியிட்டார்கள். அடுத்த பதினைந்து வருஷத்தில் செல்லுக்குள் இருப்பவை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. 1961 செப்டம்பரில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழ் ஒரு செல் சிறப்பிதழ் போட்டது. அதில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் பிராஷே எழுதிய கட்டுரையோடு 'மாதிரி செல்' படம் ஒன்று வந்தது. கண்டுபிடித்த உறுப்புகளையெல்லாம் ஒரே செல்லுக்குள் சேர்த்து வரைந்த படம். பள்ளிப் புத்தகங்களில் நாம் பார்க்கிற செல் அந்த வகைப் படங்களின் வாரிசு. அப்படியே ஒரு செல் எந்த உயிரிலும் கிடையாது. பல செல்களின் பொது அம்சங்களைக் கூட்டிச் செய்த சராசரி அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த பிராஷே தன் ஆய்வுகளுக்குப் பயன்படுத்திய உயிர்களில் ஒன்று, எந்தச் சராசரிக்கும் அடங்காத ஒரு கடல்பாசி. பெயர் அசெட்டபுலேரியா. சில சென்டிமீட்டர் உயரம். மெல்லிய காம்பு, உச்சியில் குடை, அடியில் பாறையைப் பிடித்துக்கொள்ள வேர் மாதிரி ஒரு பாகம். பார்த்தால் சின்னக் காளான் என்பீர்கள். வளரும் காலம் முழுக்க அது ஒரே செல். அதன் ஒரே உட்கரு அடியில் அந்த வேர்ப்பகுதியில் உட்கார்ந்திருக்கும்.

1930-களில் ஜெர்மனியில் யோவாகிம் ஹேமர்லிங் இதை வைத்துத்தான் உட்கருவின் வேலையைக் காட்டினார். இரண்டு இனங்களை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கும் குடையின் வடிவம் வேறு. ஒன்றின் காம்பை வெட்டி இன்னொன்றின் உட்கரு இருக்கிற அடிப்பகுதியில் ஒட்டவைத்தார். முதலில் முளைத்த குடை சில சமயம் இரண்டுக்கும் நடுவான வடிவத்தில் வந்தது. அதையும் வெட்டிவிட்டால் அடுத்து முளைத்த குடை, உட்கரு யாருடையதோ அவருடைய வடிவத்தில் வந்தது. உட்கரு இல்லாத வெறும் காம்பு கூட ஒரு முறை குடை விட்டது. ஆக, உட்கரு ஏதோ ஒரு பொருளை முன்கூட்டியே காம்புக்குள் அனுப்பி வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அந்தத் தூதுப் பொருள் ஆர்.என்.ஏ. என்பது பின்னால் தெரிய வந்தது. கண்ணால் பார்த்து, கத்திரியால் வெட்டி, கையால் ஒட்டுகிற அளவுக்கு செல் பெரிசாக இருந்ததால்தான் இந்தச் சோதனையே நடந்தது.

இனி நம்ம கடலுக்கு வருவோம். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் கரையில் காலெர்பா என்ற பச்சைப் பாசியின் பல இனங்கள் இருக்கின்றன. ஒரு இனம் திராட்சைக் குலை மாதிரி, இன்னொன்று இறகு மாதிரி. மணலில் ஓடும் தண்டு, மேலே இலை, கீழே வேர் என்று பார்வைக்கு முழுச் செடிதான். உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது. ஒரே குழாய். அதற்குள் எண்ணற்ற உட்கருக்கள் செல்சாறோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருக்கும். சுவர் அமுங்கிவிடாமல் இருக்க உள்ளே குச்சி குச்சியாய் முட்டுக்கட்டைகள். ஒரு தண்டு ஒரு மீட்டருக்கு மேலும் ஓடலாம். 'மிகப் பெரிய செல் எது?' என்ற கேள்விக்கு நெருப்புக்கோழி முட்டை என்று மனப்பாடம் செய்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

இது ஒரே செல்லா, இல்லை செல்லே இல்லாத செடியா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சண்டை நடந்திருக்கிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் யூலியஸ் சாக்ஸ் 1892-ல் ஒரு சமாதானம் சொன்னார்: சுவரைக் கணக்கில் எடுக்காதீர்கள், ஒரு உட்கருவும் அதன் ஆளுகைக்குள் இருக்கிற சாறும்தான் உயிரின் அலகு. அதற்கு 'எனர்ஜிட்' என்று பெயரும் வைத்தார். பெயர் நிலைக்கவில்லை. கேள்வி நிலைத்தது.

இந்தக் கரையின் பாசிகளை முறையாகப் பார்த்து எழுதியவர்களில் முன்னோடி எம்.ஓ.பி. ஐயங்கார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர், இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படுபவர். 1927-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் பாம்பனுக்குப் பக்கத்திலிருக்கும் குருசடைத் தீவின் உயிர்களைப் பற்றி வெளியிட்ட தொகுப்பில், தீவின் தாவரங்களைப் பற்றி எழுதியவர் அவர்தான். அதன் பிறகு பல தலைமுறைக் கல்லூரி மாணவர்கள் மண்டபத்துக்கும் குருசடைக்கும் சுற்றுலா வந்து, பாசியை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். கல்லூரிக்குப் போனால்தான் காலெர்பா. கடலாடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் செருப்புப் பெட்டி.

நான் மாதிரி செய்வதற்கு எதிரி இல்லை. கையால் செய்த பிள்ளைக்குப் பெயர்கள் மறக்காது. ஆனால் பெட்டி சில விஷயங்களை மறைக்கிறது. முக்கியமானது சவ்வு. மாதிரியில் அது சும்மா ஒரு பாலித்தீன் தாள். நிஜத்தில் அங்கேதான் வேலையே நடக்கிறது. வலோனியா என்று இன்னொரு பாசி, கோலிக்குண்டு மாதிரி ஒரே செல். 1920-களில் ஆஸ்டர்ஹௌட் என்ற அமெரிக்க விஞ்ஞானி பெர்முடாத் தீவில் கிடைத்த வலோனியாவின் சாற்றை எடுத்துச் சோதித்தார். கடல்நீரில் சோடியம் நிறைய, பொட்டாசியம் கொஞ்சம். செல்லுக்குள் தலைகீழ். வெளியே இருப்பதைப் போலச் சுமார் நாற்பது மடங்கு பொட்டாசியம் உள்ளே. உப்புத் தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டு, எது உள்ளே வரணும், எது வரக்கூடாது என்று அந்தச் சவ்வு ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்?

பெயரிலும் ஒரு மாதிரி ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் செல் என்கிறோம், அது அறை. உயிரணு என்றால் பிளக்க முடியாத துகள் நினைவுக்கு வருகிறது. இலங்கைப் பாடப்புத்தகங்களில் கலம். பாத்திரமும் கலம்தான், மரக்கலமும் கலம்தான். கடல்நீரில் மிதந்தபடி உள்ளே தன் சரக்கைக் காப்பாற்றிக்கொள்ளும் வலோனியாவுக்கு எனக்கு அந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது.

திரும்பவும் கடலாடிக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகளையும் அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். அப்பத்தா கல்யாணத்துக்கு முன்னால் பாசி எடுக்கப் போனவர். தீவுகளைச் சுற்றிய கடல் 1986-ல் தேசியப் பூங்காவானது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போய்ப் பாசி எடுப்பது பெண்களுக்கு வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகிப்போன கதை தனியாக எழுத வேண்டியது. கரையில் ஒதுங்கிக் கிடந்த குவியலைக் காலால் கிளறி, "இது மரிக்கொழுந்து, இது கஞ்சிப்பாசி, இது கட்டக்கோரை" என்று பிரித்துக்கொண்டே போனார். நடுவில் பச்சையாய், குட்டித் திராட்சை மாதிரி ஒரு கொடி வந்தது.

"இது?"

"இதுல காசு இல்ல. எடுத்தா தூரப் போட்டுட்டு வருவோம்."

மருமகள் அதைக் கையில் வாங்கி, "இது பூராவும் ஒரே செல்லா மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நம்பவில்லை. ஒரு மணியை நகத்தால் கிள்ளினாள். சாறு வந்தது. "அப்ப செத்துப்போகாதா?" என்றாள். உயிரோடு இருக்கும்போது காயம் பட்டால் சாறே உறைந்து சில நிமிஷத்தில் ஓட்டையை அடைத்துவிடும், பிய்ந்த துண்டும் தனியாக வளரும் என்றேன். அப்பத்தா அதைக் கேட்டுவிட்டு, "அதான் எத்தனை பிடுங்கிப் போட்டாலும் திரும்ப வருதா" என்றார். முப்பது வருஷத்துக்கு முந்தைய சந்தேகம் தீர்ந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

திங்கட்கிழமை செருப்புப் பெட்டியோடு கடல்தண்ணீர் நிரப்பிய ஜாம் பாட்டிலும் பள்ளிக்கூடம் போனது. பெட்டியில் பன்னிரண்டு லேபிள் ஒட்டியிருந்தாள். பாட்டிலில் ஒன்றே ஒன்று: 'இதுவும் செல்.' பெட்டி இன்னும் பீரோ மேல் இருக்கிறதாம். பாட்டில் மூணாம் நாள் நாற ஆரம்பித்துக் கொட்டிவிட்டார்களாம். அடுத்த தடவை நான் வரும்போது, கல்லோடு ஒட்டி உயிரோடு இருக்கிறதைக் காட்டணும் என்று போனில் சொல்லியிருக்கிறாள்.