இராமானுஜனுக்காகப் பிறர் எழுதிய கடிதங்கள்

சீனிவாச இராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணிதர் ஜி.எச். ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி நம்மில் பலருக்கும் தெரியும். அந்த ஒரு கடிதம்தான் அவரைக் கப்பலேற்றியது என்று பாடப்புத்தகங்களும் மேடைப் பேச்சுகளும் சொல்லிவருகின்றன. ஆனால் அது அவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொண்டது. அதனால் மட்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கஜானாவிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே வந்திருக்காது. 1910 முதல் 1914 வரை அவரைப் பற்றிப் பிறர் எழுதிய கடிதங்களின் வரிசை ஒன்று உண்டு. அவர் படிப்பதற்கான பணமும் அனுமதியும் அந்த வரிசையின் வழியாகத்தான் வந்தன. வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஆண்டுதோறும் ரெக்கமண்டேஷன் கடிதம் கேட்டுப் பேராசிரியர்களின் அறை வாசலில் மாணவர்கள் காத்திருக்கும் இந்நாளில், அந்தப் பழைய கடிதங்களைத் திரும்பப் படிப்பதில் பயன் உண்டு. இராமானுஜன் விஷயத்தில் காரியம் சாதித்தவை புகழ்ச்சி மிகுந்த கடிதங்கள் அல்ல என்பது என் கருத்து. தனக்கு எதுவரை தெரியும் என்பதை நேர்மையாகச் சொல்லி, படிப்பவரின் கைக்கு எட்டிய ஒன்றைத் திட்டவட்டமாகக் கேட்ட கடிதங்களே அவரை நகர்த்தின.

அவருடைய அன்றைய நிலையை முதலில் பார்க்க வேண்டும். கணிதம் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பறிபோயிற்று. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. பட்டம் இல்லாத ஒருவருக்குப் பிறர் சொல்லும் சொல்தான் சான்று. 1910-ல் அவர் திருக்கோவிலூருக்குப் போய் டெபுடி கலெக்டர் வி. இராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்திய கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர் அவர். இராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. அவருடைய கணித நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஐயர், வருவாய்த் துறையின் கடைநிலை வேலையில் இந்தத் திறமையைப் புதைக்க மனம் வராமல் வேலையை மறுத்துவிட்டு, சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வகையில் இராமானுஜன் பி.வி. சேஷு ஐயரிடம் வந்து சேர்ந்தார். கும்பகோணத்திலேயே இராமானுஜனை அறிந்திருந்த சேஷு ஐயர், நெல்லூர் கலெக்டர் திவான் பகதூர் ஆர். இராமச்சந்திர ராவுக்கு எழுதினார். ராவ் உடனே நம்பிவிடவில்லை. சில சந்திப்புகளுக்குப் பிறகே நம்பிக்கை பிறந்தது, சிறிது காலம் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். இந்த முதல் கட்டத்தில் கடிதங்கள் செய்த வேலை சிறியது: கதவைத் திறந்து, உள்ளே இருப்பவரை நோட்டுப் புத்தகத்தைப் பார்க்க வைத்தன. அதற்கு மேல் அவை எதையும் கோரவில்லை.

அடுத்து வந்தது வழக்கமான நற்சான்று. 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுக அலுவலகத்துக்கு இராமானுஜன் அனுப்பிய விண்ணப்பத்தோடு, பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் இ.டபிள்யூ. மிடில்மாஸ்ட் தந்த கடிதமும் இணைந்திருந்தது. கணிதத்தில் இந்த இளைஞருக்கு அசாதாரண ஆற்றல் உண்டு என்று அது சொன்னது. சொன்னதில் பொய்யில்லை. மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலையும் கிடைத்தது. அசாதாரண ஆற்றல் என்று எழுதிய கடிதம் சாதாரண வேலையைப் பெற்றுத் தந்ததில் வியப்பில்லை, கேட்டது அந்த வேலையைத்தான். இன்று நம் கல்லூரிகளில் மாணவரே எழுதிக்கொண்டு வர, பேராசிரியர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கும் கடிதங்களும் பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்தவைதான். அவற்றில் அசாதாரணம் என்ற சொல் மட்டும் அடிக்கடி வரும்.

அதே ஆண்டு நவம்பரில் வேறு மாதிரியான கடிதம் ஒன்று எழுதப்பட்டது. பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் சி.எல்.டி. கிரிஃபித், துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங்குக்கு எழுதினார். உங்கள் அலுவலகத்தில் இருக்கும் இந்தக் குமாஸ்தா கணக்கு எழுதுவதில் சுமாராகவே இருக்கலாம், ஆனாலும் அவருடைய திறமைக்கு ஏற்ற ஏற்பாடு நடக்கும்வரை அவரை வசதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். குறையை ஒப்புக்கொண்ட பின் வைத்த கோரிக்கை அது, ஸ்ப்ரிங்கால் முடியக்கூடியதும்கூட. கணிதத்தின் தரத்தைத் தம்மால் அளவிட முடியாது என்று உணர்ந்த கிரிஃபித், லண்டனில் தம் பழைய ஆசிரியர் எம்.ஜே.எம். ஹில்லுக்கு இராமானுஜனின் கணக்குகளை அனுப்பினார். டிசம்பரில் ஹில் அனுப்பிய பதிலில் பாராட்டு குறைவு, கண்டனமே அதிகம். விரியும் தொடர்களைக் கையாள்வதில் உள்ள ஆபத்து இந்த இளைஞருக்குப் புரியவில்லை, ப்ராம்விச் எழுதிய நூலைப் படிக்கட்டும் என்றார். பரிந்துரையாக எடுத்துக்கொண்டால் அது தோல்விதான். ஆனால் இந்தக் கணக்குகளை நிபுணர் ஒருவர் பொருட்படுத்திப் படிக்க முடியும் என்பது சென்னையில் பதிவாயிற்று.

திருப்பம் 1913 பிப்ரவரியில் வந்தது. இந்திய வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருந்தபோது, ஸ்ப்ரிங் அவரிடம் நோட்டுப் புத்தகங்களைக் காட்டினார். வாக்கர் முன்பு கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 26-ஆம் தேதி அவர் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்கு எழுதினார். இராமானுஜன் ஈடுபட்டிருக்கும் கணிதப் பிரிவு தமக்குரியது அல்ல, ஆகவே அவர் ஐரோப்பியப் புகழ் அடைவாரா என்பதைத் தம்மால் சொல்ல முடியாது என்று அதில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆனால் பிழைப்புக் கவலையின்றிச் சில ஆண்டுகள் கணிதத்திலேயே மூழ்கியிருக்கப் பல்கலைக்கழகம் வழிசெய்தால் அது முழுக்க நியாயமானதாகவே இருக்கும் என்றார். மார்ச் 19 அன்று கணிதப் பாடத்திட்டக் குழு கூடியது. மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை இரண்டு ஆண்டுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கென்று இருந்த உதவி, எஃப்.ஏ. தேறாதவருக்குப் போயிற்று.

இந்த இடத்தில் எழக்கூடிய மறுப்பு வலுவானது. பிப்ரவரி 27 அன்று இராமானுஜன் ஹார்டிக்கு மறுமடல் எழுதியிருக்கிறார். எனவே ஹார்டியின் பதிலும் அதற்குள் சென்னையை எட்டியிருந்தது. பல்கலைக்கழகத்தை அசைத்தது ஹார்டியின் பெயர்தானே? அந்தப் பெயருக்குக் கனம் இருந்ததை மறுக்கவில்லை. ஆனால் ஹார்டி சொன்னது கணிதத்தைப் பற்றிய தீர்ப்பு. நிரூபணங்களைத்தான் அவர் கேட்டார். பல்கலைக்கழகச் சிண்டிகேட் வாக்களிக்கக் கூடிய ஒரு கோரிக்கையாக அதை மாற்றியது வாக்கரின் கடிதம். தமக்குத் தெரியாததை ஒப்புக்கொண்டவர், தெரிந்ததைச் சொல்லும்போது அதை நம்பாமல் இருக்க முடியாது.

அடக்கமே வலிமை என்று நான் சொல்லவில்லை. 1914 ஜனவரியில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்த கேம்பிரிட்ஜ் கணிதர் இ.எச். நெவில் சற்றும் அடக்கி வாசிக்கவில்லை. கணித உலகில் இக்காலத்தின் மிகவும் ஆர்வமூட்டும் நிகழ்வு இராமானுஜனைக் கண்டுபிடித்ததுதான் என்ற அளவுக்கு ஜனவரி 28 அன்று டியூஸ்பரிக்கு எழுதினார். நோட்டுப் புத்தகங்களை நேரில் படித்த, தூய கணிதத்தில் தேர்ந்த ஒருவர் அப்படி எழுதலாம். அந்தக் கடிதத்தின் பலம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. நவீன முறைகளில் இராமானுஜனுக்குப் பயிற்சி போதாது, எவையெல்லாம் ஏற்கெனவே ஆராயப்பட்டுவிட்டன என்று அறிந்தவர்களின் பழக்கம் அவருக்கு வேண்டும் என்று நெவில் குறையையும் சொன்னார். கேம்பிரிட்ஜ் போக வேண்டியதற்குக் காரணமே அந்தக் குறைதான். மறுநாள் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரிச்சர்ட் லிட்டில்ஹெய்ல்ஸ் கணக்கைப் போட்டுக் கொடுத்தார்: ஆண்டுக்கு 250 பவுண்டு, பயணத்துக்கும் உடைக்கும் 100 பவுண்டு. பிப்ரவரி 5 அன்று ஸ்ப்ரிங் ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் செயலருக்கு எழுதினார். மார்ச் 17 அன்று இராமானுஜன் கப்பலேறினார். நெவிலின் கடிதத்திலிருந்து ஏழே வாரம்.

சில வரிப் புகழ்ச்சியும் பலித்திருக்கிறதே என்று ஜான் நாஷை எடுத்துக்காட்டலாம். 1948 பிப்ரவரியில் அவரைப் பிரின்ஸ்டனுக்குப் பரிந்துரைத்த ரிச்சர்ட் டஃபின், வயதையும் படிப்பையும் குறிப்பிட்டுவிட்டு, அவர் ஒரு கணித மேதை என்று முடித்துக்கொண்டார். ஆனால் எழுதியவரும் கணிதர், கடிதத்தைப் பெற்ற பிரின்ஸ்டனின் லெஃப்ஷெட்ஸும் கணிதர். நாஷுக்குத் தேர்வுகளும் கைகொடுத்தன. இராமானுஜனின் கடிதங்களைப் படித்தவர்களோ பதிவாளர்கள், துறைமுக நிர்வாகிகள், ஆளுநரின் செயலர்கள்.

இன்னொரு மறுப்பு கசப்பானது: வெள்ளையர் எழுதியதால்தான் அந்தக் கடிதங்கள் எடுபட்டன. பாதி உண்மை. நிறம் மட்டுமே போதுமென்றால் மிடில்மாஸ்டின் கடிதமே எல்லாவற்றையும் முடித்திருக்கும், ஹில்லும் வழிவிட்டிருப்பார். ஆனாலும் நோட்டுப் புத்தகங்களை நன்கறிந்தவர் துறைமுக அலுவலக மேலாளர் எஸ். நாராயண ஐயர். கணிதம் படித்தவர், இராமானுஜனோடு சேர்ந்தே கணக்குப் போட்டவர், ஸ்ப்ரிங்குக்கு இராமானுஜனின் மதிப்பை உணர்த்தியவரும் அவர்தான். அவர் பெயரால் பல்கலைக்கழகப் பணம் கைமாறவில்லை. ஆனால் மார்ச் 19 கூட்டத்துக்கு அவரையும் அழைத்திருந்தார்கள். வாக்கரின் கடிதம் மேசையில் இருந்தபோதும், நாள்தோறும் இராமானுஜனைப் பார்த்தவர் ஒருவரிடம் குழு நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பியிருக்கிறது.