அல்லைப்பிட்டியில் கிடைத்த சீன ஓடுகள்: கொண்டு வந்தது யார்?



பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறைப் பக்கம் போகிறவர்கள் அல்லைப்பிட்டியைக் கடந்துதான் போகிறோம். 1977இல் அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து பழைய சீன மட்பாண்ட ஓடுகள் வெளிவந்தன. ஜோன் காஸ்வெல் என்ற ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்து எழுதினார். 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகமும் எமது மத்திய கலாசார நிதியமும் சேர்ந்து அங்கே மறுபடியும் அகழ்ந்தன.

இந்தச் செய்தி நம்மவர்களிடையே பகிரப்படும்போது கூடவே ஒரு வரியும் ஒட்டிக்கொண்டு வருகிறது: "அரபு வணிகர்களான நம் மூதாதையர் கொண்டு வந்த சாமான்கள் இவை. நாம் இங்கே ஆயிரம் வருடமாக இருக்கிறோம் என்பதற்கு இதுவே சாட்சி."

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வகுப்பில் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிற நாம், ஓடு உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டாமா?

முதலாவது, அவை எங்கே செய்யப்பட்டவை? களிமண், பூச்சு, வடிவம் ஆகியவற்றைச் சீனாவின் பழைய சூளைகளில் கிடைத்த பாண்டங்களோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவை தென்சீனாவின் குவாங்டொங் சூளைகளோடு பொருந்தின. காலம் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, அதாவது வட சொங் அரசர் காலம். நாற்பது வருடம் கழித்து வேறொரு குழு வந்து தோண்டியபோதும் முந்திய முடிவு நின்றது. ஒரு முடிவைச் சோதிப்பது என்றால் இதுதான்.

இரண்டாவது, வேறு சாட்சி உண்டா? நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோவிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து 1963இல் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வர வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அது. யானை, குதிரை ஏற்றிய கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவருக்கு. வணிகச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. நடக்காத காரியத்துக்கு யாரும் சட்டம் போடுவதில்லை. ஆனால் அந்த அரசன் ஆண்டது 1153 முதல் 1186 வரை. ஓடுகளோ அதற்கு முந்தியவை. ஆகவே இந்தத் துறைக்குப் பிறநாட்டார் வந்து போனார்கள் என்பதற்குக் கல்வெட்டு துணை நிற்கும். அல்லைப்பிட்டிச் சரக்கு யாருடையது என்பதற்கு நிற்காது.

மூன்றாவது, கொண்டு வந்தது யார்? அரபு, பாரசீக வணிகர் அக்காலத்தில் சீனத் துறைமுகங்களில் குடியிருந்தார்கள். தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் 1088இல் சுமாத்திராவின் பாருஸில் கல்வெட்டுப் பொறித்தார்கள். சீனக் கப்பல்களும் கடலில் ஓடின. மூவருக்கும் பொருந்துகிற சாட்சி ஒருவருக்கு மட்டும் சொந்தமாகாது.

எப்படிப்பட்ட சாட்சி கிடைத்தால் தீர்ப்புச் சொல்லலாம்? 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே சீனப் பாண்டங்களோடு மூழ்கிக் கிடந்த கப்பல் ஒன்று கிடைத்தது. அதன் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. மேற்கு இந்து சமுத்திரத்து வேலைமுறை அது. ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குரிய திகதியும் இருந்தது. அங்கே கப்பலே சாட்சி சொன்னது. அல்லைப்பிட்டியில் கையில் இருப்பது ஓடு மட்டுமே.

இதைச் சொன்னால் சிலருக்கு மனவருத்தம் வரும். நமக்குப் புரிகிறது. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் நாம். உறுதிகளையும் பதிவுகளையும் விட்டு வந்தவர்களுக்குத்தான் சாட்சியின் அருமை தெரியும். அதனால்தான் பலவீனமான சாட்சியை முன்வைக்கக் கூடாது என்கிறோம். அது ஒருநாள் உடைந்தால், உறுதியான சாட்சியையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் பலவீனமானவர் என்றால் செய்தியையே நிறுத்திவைத்த ஹதீஸ் அறிஞர்களின் வழி வந்தவர்கள் நாம்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் 1990க்கு முந்திய காணி உறுதி, காவின் பதிவு, பாடசாலை அறிக்கை, சோனகதெருவில் எடுத்த படம் எது இருந்தாலும் படம்பிடித்து வையுங்கள். திகதி, இடம், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். நாளை நம் பேரப்பிள்ளைகளுக்காக அவைதான் பேசும்.