நாயக்கர்

'நாயக்கர்' என்றதும் இன்று ஒரு சமூகப் பெயரே நினைவுக்கு வருகிறது. தஞ்சை வரலாற்றில் அது முதலில் ஒரு பதவி. வழிநடத்துபவர் என்னும் பொருளுள்ள 'நாயக' என்ற வடசொல்லே தமிழில் நாயகன், நாயகம், நாயக்கர் என வடிவெடுத்தது. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'திருமந்திர ஓலை நாயகம்' அரசாணை எழுதும் பிரிவின் தலைவர். அங்கே இச்சொல் அலுவலை மட்டுமே சுட்டியது. விஜயநகரக் காலத்தில் அதனோடு நிலமும் சேர்ந்தது. அக்காலக் கல்வெட்டுகள் 'நாயக்கத்தனம்' என்பது, படை வைத்துக் காக்கவும் பேரரசுக்குப் பணம் செலுத்தவும் ஒருவரிடம் ஒப்படைத்த சீமையை. ரோமப் பேரரசில் மாகாணத்தை ஆண்ட 'புரோகான்சல்' இப்படிச் சீமை பெற்ற நாயக்கருக்கு நெருங்கியவர்தான். ஆனால் அவர் பதவி பெரும்பாலும் ஓராண்டில் முடிந்தது. 1532ஐ ஒட்டித் தஞ்சையைப் பெற்ற செவ்வப்பரின் பதவியோ அச்சுதப்பர், ரகுநாதர், விஜயராகவர் என 1673 வரை தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது.

அப்படியானால் மன்னர் என்பதுதானே சரி என்று கேட்கலாம். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் பேரரசு தளர்ந்தது உண்மை. ஆயினும் அரை நூற்றாண்டு கழித்து மூண்ட அரியணைப் பூசலில் ரகுநாதர் இளவரசர் ராமதேவருக்காகக் கல்லணை அருகே தோப்பூரில் போரிட்டார். மதுரை நாயக்கர் எதிரணியில் நின்றதால் இதில் சொந்தக் கணக்கும் இருந்திருக்கும்; இருந்தும் இருதரப்பும் மோதியது விஜயநகர அரியணை யாருக்கு என்பதற்காகவே. ஆகவே, தோப்பூர்ப் போர் வரையிலேனும், தஞ்சை நாயக்கரைப் பரம்பரை மாகாண ஆளுநர் என்று அழைப்பதே பொருந்தும்.