கடல் மூடிய மாதங்கள்

பனி பொழியாத மலேசியாவில் குளிர்காலம் எனத்தக்கது கிழக்குக் கரையின் மழைப்பருவமே. நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்றால் தென்சீனக் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறும். அம்மாதங்களை மீனவர் சோம்பிக் கழித்தனர் என எண்ணிவிடுதல் எளிது. மலாய்க்காரர் சோம்பேறிகள் என்னும் காலனித்துவக் கருத்தைச் சையது உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளிவந்த தம் நூலில் மறுத்தார். ஆயினும், ஊரளவிலான சான்று அதற்கு முன்னரே இருந்தது.

மானிடவியலாளர் ரேமண்ட் ஃபெர்த்தும் துணைவியார் ரோஸ்மேரியும் 1939-40இல் கிளந்தானின் பாச்சோக் வட்டாரத்துப் பெருபோக் என்னும் மீனவச் சிற்றூரில் தங்கி ஆய்ந்தனர். படகு, வலை, பங்கீடு ஆகியவற்றை ரேமண்ட் எழுதினார் (1946). அதற்கு மூன்றாண்டு முன்பே ரோஸ்மேரி அடுக்களையை எழுதிவிட்டார்; இந்நூலை நம் ஆய்வாளர் போதிய அளவு பயன்கொள்ளவில்லை என்பது நமது மனக்குறை. கடல் மூடியபோது வலை பின்னினர், பழுது நீக்கினர், வயலுக்குச் சென்றனர். எனினும், வருவாய் குன்றிய நாள்களைக் குடும்பம் எங்ஙனம் தாண்டியது என்பது வீட்டுச் செலவுக் கணக்கிலன்றி விளங்காது.

சிற்றின்பங்கள் என இலக்கியத்தார் கொள்ளும் பொருளில் அன்று, சிறிய இன்பங்கள் என்னும் பொருளில் சில உண்டு. தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்ந்த அவித்த மரவள்ளி, கருவாட்டோடு பசையரிசிச் சோறு ஆகியவை அக்கரையின் மழைக்கால உணவுகள். வெள்ளநீரில் ஆடிக் களிப்பதும் கிளந்தானியர் வழக்கம்.

1941 டிசம்பர் 8ஆம் நாள், அதே பருவத்துக் கொந்தளிப்பினூடே ஜப்பானியப் படை கோத்தா பாரு அருகே கரையிறங்கியது. ஃபெர்த் இணையர் மீண்டும் பெருபோக் சென்றது 1963இல்தான். போருக்கு முந்திய ஒரேயொரு மழைப்பருவமே அவர்தம் ஏடுகளில் உள்ளது.