எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?

சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால், ஸலாமுக்குப் பிறகு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, "தம்பி, நீங்க எந்த ஊரு?" என்று ஒரு பெரியவர் கேட்பார். ஊரைச் சொன்னால், "அங்கே யார் வீட்டுப் பிள்ளை?" என்பது அடுத்த கேள்வி. இரண்டு மூன்று பெயர்கள் கைமாறியதும் உறவு பிடிபட்டுவிடும். அடுத்த வாரம் அந்தப் பெரியவர் நமக்கு மாமாவாகியிருப்பார்.

ஏடும் எழுத்தும் இல்லாமல் நம் சமூகம் குடும்ப வரலாற்றைக் காத்து வந்தது இப்படித்தான். இன்று அதே கேள்விக்கு நம் பேரப்பிள்ளைகள் "தோபாயோ" என்றோ "ஈசூன்" என்றோ பதில் சொல்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் பிறந்த ஊர் அதுதான். ஆனால் பாட்டனாரின் தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டால், நம்மில் பலரும் வாய் மூடி நிற்கிறோம். சங்கத்தின் 50ஆம் ஆண்டு மலருக்காக உறுப்பினர் குடும்பங்களிடம் பழைய படங்களைக் கேட்டபோது இதை நேரில் கண்டோம். படங்கள் வந்தன. கோட்டும் தொப்பியும் அணிந்து, கடை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் மனிதர்களும் வந்தார்கள். அவர்களில் பலருக்குப் பெயர் சொல்லத்தான் ஆளில்லை.

நம் அண்டை வீட்டாரைப் பார்ப்போம். சீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வமிசாவளி ஏடுகளை எழுதி வருகின்றன. ஹளரமௌத்திலிருந்து வந்த அரபுக் குடும்பங்கள் தங்கள் 'ஷஜரா'வை, அதாவது வமிச மரத்தை, பேணிக் காக்கின்றன. இஸ்லாமிய மரபிலேயே வமிச அறிவு ஒரு கலையாக மதிக்கப்பட்டது. ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் குறைஷிக் குலங்களின் வமிசங்களை நன்கு அறிந்தவர்களாக விளங்கினார்கள் என்பது நாம் அறிந்த செய்தி. அப்படியிருக்க, நம்மிடம் மட்டும் ஏன் எழுத்தில் இல்லை?

நாம் வந்த விதத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் 'சூலியா' என்ற பெயரில் இந்நகரின் தொடக்க காலத்திலேயே இங்கு வேரூன்றினார்கள். சவுத் பிரிட்ஜ் ரோடு ஜாமிஆ பள்ளிவாசல் 1826இல் தோன்றியது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். சில ஆண்டுகள் இங்கே, சில மாதங்கள் ஊரில் என்று வாழ்ந்தார்கள். கடைக்கணக்கு இங்கே இருந்தது, குடும்பக்கணக்கு ஊரில் இருந்தது. உறவுகளை நினைவில் வைத்திருந்தவர்கள் ஊரில் இருந்த பெண்கள். அவர்கள் மறைந்தபோது அந்த நினைவும் மறைந்தது.

கடையநல்லூர், தென்காசி மக்களின் கதை வேறு. அவர்கள் மனைவி மக்களோடு வந்து, துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். ஆண்கள் உழைக்கப் போக, பெண்கள் மசாலா இடித்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. 1946இல் அந்த மக்களின் முயற்சியால் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி எழுந்தது. இந்த வரலாற்றில் சங்கத் தலைவர்களின் பெயர் இருக்கிறது, உரல் பிடித்த கைகளின் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது? கொடிவழி எழுதும் குடும்பங்கள்கூடப் பல நேரம் ஆண்களை மட்டும் எழுதி, பெண்களை "இன்னாரின் மனைவி" என்று முடித்துவிடுகின்றன. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு மகளுக்குப் போகும், மணமகன் பெண் வீட்டில் வாழ்வார். அங்கே உம்மாவின் வழியைத் தொடராமல் குடும்பத்தின் வீட்டைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த சிக்கல் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று நிலையாக இல்லை. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தே முன்னால் நின்றது. வணிகர்கள் அந்த எழுத்துகளையே "கானா மூனா", "சேனா மூனா" என்று பெயராக்கிக்கொண்டார்கள். ஊரில் "மூனா கடை" என்றால் எல்லோருக்கும் தெரியும், ஆங்கிலப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. அந்தப் பதிவேட்டை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே மரைக்காயர் ஓரிடத்தில் மரிக்கான், இன்னோரிடத்தில் மரிக்கார். ராவுத்தருக்கும் சாயபுவுக்கும் அதே கதிதான். உடன்பிறந்த இருவரின் அடையாள அட்டையில் தகப்பனார் பெயர் இரண்டு விதமாக இருப்பதை நம் வீடுகளிலேயே பார்க்கலாம். ஆகவே தேடுபவர்கள் ஒரு பெயரை ஐந்தாறு விதமாக எழுதிப் பார்த்துத் தேட வேண்டும்.

ஊரின் பெயரும் அப்படித்தான். ஊர் நகரவில்லை, மாவட்டம் நகர்ந்துவிட்டது. பழைய தாளில் "திருநெல்வேலி ஜில்லா" என்று இருக்கும் கடையநல்லூர், 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நாகப்பட்டினம் 1991இல் தனி மாவட்டமானது. நாகூரும் தோப்புத்துறையும் அதில் உள்ளன. கூத்தாநல்லூரும் முத்துப்பேட்டையும் இன்று திருவாரூர் மாவட்டம். அதிராம்பட்டினம் தஞ்சாவூரிலேயே நிற்கிறது. எந்த அலுவலகத்தில் எந்த ஆண்டுக்கான தாளைக் கேட்பது என்பதை இது தீர்மானிக்கிறது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். நம் பெரியவர்கள் ஆண்டைச் சொல்வதில்லை. "குண்டு விழுந்தப்போ நான் கைக்குழந்தை" என்பார்கள். அப்படியானால் 1941 டிசம்பருக்கும் 1942 பிப்ரவரிக்கும் இடைப்பட்ட காலம் என்று கொள்ளலாம். ஜப்பானியர் காலத் தாள்களில் 2603 என்று கண்டால் திகைக்க வேண்டாம். அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு, நமக்கு 1943. ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. கிதாபின் கடைசிப் பக்கத்தில் ஹிஜ்ரி தேதியில் குறித்த பிறப்பை மாற்றும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பு அரபுத்தமிழில் இருக்கவும் கூடும். எழுத்து அரபு, மொழி தமிழ். "ஏதோ ஓதுற கிதாபு" என்று கட்டிவைத்திருப்பதைத் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் ஒருமுறை காட்டிப் படித்துப் பார்ப்பது நல்லது.

கப்பல் கதையைக் கேட்காமல் எந்தக் குடும்ப வரலாறும் முழுமையாகாது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதன் பின் 'சிதம்பரம்' வந்தது. 1985இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் நின்றது. கப்பல் முதலில் நின்ற துறை பினாங்கு. அண்ணன் அங்கே இறங்க, தம்பி சிங்கப்பூர் வரை வந்த குடும்பங்கள் உண்டு. 1965க்குப் பிறகு அவர்கள் இரு நாட்டுக் குடிமக்கள். ஆகவே சிங்கப்பூரில் அறுந்துபோன நூல் சில நேரம் பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் கிடைக்கிறது.

இன்னொரு கிளையை மரியாதையோடு பேச வேண்டும். இங்கே தனியாக வந்தவர்களில் சிலர் மலாய்ப் பெண்களை மணந்து குடும்பம் அமைத்தார்கள். அந்த வழியில் வந்த ஜாவி பெரானாக்கான் சமூகத்தார் 1876இல் தங்கள் பெயரிலேயே ஒரு மலாய்ச் செய்தித்தாளை இந்நகரில் தொடங்கினார்கள். இன்று மலாய்க்காரராகவே வாழும் சில குடும்பங்கள் நம் இரத்த உறவுகள். ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று இருந்து, ஒன்றுக்கு மற்றது தெரியாமலே போனதும் உண்டு. கொடிவழி எழுதும்போது அந்தக் கிளைகளை வெட்டக்கூடாது. சொத்துக்காகவோ கௌரவத்துக்காகவோ மறைத்தால், உறவைச் சேர்த்து வாழும் கடமையை நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் செய்துவிடுகிறோம். அதேபோல, இல்லாத பெருமையை ஒட்டவும் வேண்டாம். மசாலா இடித்த பாட்டியின் பேரன் என்பதே போதுமான பெருமை.

தாள்கள் எங்கே உள்ளன? 1867 வரை சிங்கப்பூர் இந்திய அரசின் கீழ் இருந்தது. ஆகவே அக்காலத்துப் பதிவுகளில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அலுவலக ஆவணங்களோடு இருக்கிறது. முஸ்லிம் திருமணங்களைப் பதிவதற்கு இங்கே 1880லேயே சட்டம் வந்தது. ஷரீஅத் நீதிமன்றம் 1958இல் அமைந்தது. அடையாள அட்டை முறை 1948இல் தொடங்கியது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979 முதல் நடக்கிறது. நம்மவர்கள் தமிழில் பேசிய பதிவுகளும் அங்கே உள்ளன. தேசிய நூலகத்தின் மின்னியல் செய்தித்தாள் தொகுப்பில் 'தமிழ் முரசு' பழைய இதழ்களைத் தேடலாம். மரண அறிவிப்பு, திருமண வாழ்த்து, கடைத் திறப்பு விளம்பரம் எல்லாம் குடும்ப வரலாறுதான். 1887இல் சி.கு. மகுதூம் சாயபு தொடங்கிய 'சிங்கை நேசன்' அதற்கும் முந்திய காலத்தைக் காட்டும். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், இந்தக் கதைகளுக்கு உருவம் கிடைக்கும்.

மீசான் கல்லை மட்டும் நம்பியிருக்க முடியாது. பிடாடாரி முஸ்லிம் மையவாடி 1910 முதல் 1973 வரை நம் முன்னோரை ஏற்றுக்கொண்டது. 2001க்குப் பிறகு அங்கிருந்த சுமார் 68,000 முஸ்லிம் கபுறுகள் தோண்டியெடுக்கப்பட்டு, உரிமை கோரப்பட்டவை சுவா சூ காங்கில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. இன்று அங்கே வீவக வீடுகள். 1998 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, புதிய கபுறுகளுக்கும் காலவரை 15 ஆண்டுகள். நிலம் குறைந்த நாட்டில் இது தவிர்க்க முடியாதது. எனவே கல்லில் எழுதியது 15 ஆண்டு நிற்கும், தாளில் எழுதி நான்கு வீட்டில் வைத்தது நூறாண்டு நிற்கும்.

உலகெங்கும் மக்கள் இப்போது இதைத் தேடுகிறார்கள். அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் 2011 முதல் ஆண்டுதோறும் குடும்ப வரலாற்றுக்கென்றே பெரிய மாநாடு கூடுகிறது. அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை. நம் சங்கக் கூடத்தில் ஆண்டுக்கு ஒருநாள், 'குடும்ப வரலாற்று நாள்' என்று கூடினால் போதும். பெரியவர்கள் பேசட்டும், பிள்ளைகள் கைப்பேசியில் பதியட்டும். வீட்டுக்கொரு பழைய படம் கொண்டுவந்து மேசையில் வைத்தால், ஒரு வீட்டாருக்குத் தெரியாத முகம் மற்றொரு வீட்டாருக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டில் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், உறவு, உத்தேச ஆண்டு ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். பெரியவர்களிடம் "வரலாறு சொல்லுங்கள்" என்று கேட்டால் பேச்சு வராது. "உங்க நிக்காஹ் எங்கே நடந்தது? யாரெல்லாம் வந்தாங்க? முதல்ல குடியிருந்த வீட்டிலே எத்தனை குடும்பம்?" என்று கேட்டால் நிற்காமல் பேசுவார்கள். தகப்பனாரை வாப்பா என்று அழைத்தார்களா, அத்தா என்று அழைத்தார்களா என்பதையும் குறியுங்கள். அந்த ஒரு சொல்லே ஊரையும் கிளையையும் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவர் யார், அவர் நேரில் கண்டதா, பிறர் சொல்லிக் கேட்டதா என்று எழுதுங்கள். ஹதீஸ் அறிஞர்கள் நமக்குக் கற்றுத்தந்த முறை அது. அறிவிப்பாளர் வரிசை இல்லாத செய்தியை அவர்கள் எளிதில் ஏற்கவில்லை.

50 ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கியவர்களில் இன்று நம்மோடு இருப்பவர்கள் சிலரே. அவர்கள் நினைவில் இருப்பது எந்த நூலகத்திலும் இல்லை. அடுத்த ஆண்டு கேட்கலாம் என்று தள்ளிப்போடும் கேள்விக்கு, அடுத்த ஆண்டு பதில் சொல்ல ஆளிருப்பார் என்பது நம் கையில் இல்லை. இம்மலரின் கடைசிப் பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். அது உங்கள் வீட்டுக் கொடிவழிக்காக. பாட்டியின் பெயரிலிருந்து தொடங்குங்கள்.

நூற்றாண்டு மலரைத் தயாரிக்கப்போகும் நம் பிள்ளைகளிடம், "நீங்க எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஒருவர் கேட்டால், அவர்கள் தயங்காமல் பதில் சொல்ல வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. மறைந்த நம் முன்னோர் அனைவரின் மறுமை வாழ்வையும் அவன் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.